வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஓர் இரும்பு உலை

கடலூர் – சிதம்பரம் ரயில் பாதையில் வந்து பரங்கிப்பேட்டை நிலையத்தில் இறங்குகிறவர், ஊருக்குள் வர இன்னும் கிழக்கே போகவேண்டும். இது ரயிலை நம்பி வளர்ந்த ஊரல்ல, வெள்ளாற்று முகத்துவாரத்தை நம்பி வளர்ந்தது. மரைக்காயர்களின் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு கீழைக்கடல் போனதும் இந்த வழியாகத்தான். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்திறங்கியதும் இங்கேதான். மஹ்மூது பந்தர், போர்ட்டோ நோவோ என ஊருக்குப் பெயர்களும் குவிந்தன.

பள்ளிப் பாடத்தில் நம் ஊர் வருவது 1781 ஜூலை 1 அன்று நடந்த போரால். சிதம்பரம் கோயில் கோட்டையைப் பிடிக்க முயன்று தோற்ற ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், கடல்வழி உணவுக்காக இங்கே வந்து தங்கினார். கடலூர் நோக்கிக் கிளம்பியவரை மைசூரின் ஹைதர் அலி மறித்தார்; வென்றது கூட். அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், நான் விட்டுவிடுகிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது இரும்பாலை. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை உதறிய ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் இங்கே ஊதுலை அமைத்தார். இந்தியாவில் மேலைநாட்டு முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்கும் முதல் முயற்சிகளில் இது ஒன்று. தாது சேலம் சீமையிலிருந்து வந்தது. நிலக்கரி கிடையாது, உலைக்குத் தீனி மரக்கரி. ஒவ்வொரு நாளும் காட்டை வெட்டிக் கரியாக்கினால்தான் உலை எரியும். காடு பின்வாங்கப் பின்வாங்கக் கரி வரும் தூரம் கூடியது, செலவும் கூடியது. கம்பெனி அரசு கடன் கொடுத்தும் கணக்கு கட்டுப்படியாகவில்லை. இரும்பு தரமானதுதான், இங்கிலாந்துக்கே கப்பலேறியது. ஹீத் பிறகு ஷெஃபீல்டு போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அதைக் கையாண்டு மற்றவர்கள் பணம் பார்த்தார்கள். அவருக்குக் கிடைத்தது வழக்கு.

உலை அணைந்தபின் ஊருக்குப் புதுப்பெயர் தேடித் தந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா அதற்கு அடித்தளம் இட்டார். உப்பும் நன்னீரும் கலக்கும் வெள்ளாற்றுக் கழி அதற்கு இயற்கை தந்த ஆய்வுக்கூடம்; தெற்கே பிச்சாவரம் சுரபுன்னைக் காடு. அன்னங்கோயில் மீனவர்களுக்கு அந்த முகத்துவாரம் வேறு கணக்கு: மணல் தூர்ந்தால் படகு தட்டும்.

தர்காவுக்கும் கோயிலுக்கும் வழிகாட்டப் பலகை வைக்கிறோம். இரும்பாலை நின்ற இடத்துக்கும் பேரூராட்சி ஒன்று வைக்கட்டும். ஹீத் பெயரோடு, கரி சுட்டவர்களையும் தாது சுமந்தவர்களையும் அதில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.