காலடிக் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும்: கல்யாண வீட்டில் வாடகை லென்ஸ்

கேமரா சொந்தம், லென்ஸ் வாடகை. நண்பன் கல்யாணத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்க ஒத்துக்கொள்கிறவர்களின் இன்றைய நிலை பெரும்பாலும் இதுதான். குறைந்த விலைக் கேமராவோடு கூடவே வருகிற 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் அபெர்ச்சர் 5.6க்குச் சுருங்கிவிடும். மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்துக்கு அது போதாது. 70-200 லென்ஸில் 2.8 அபெர்ச்சர் உண்டு. நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் அதன் விலை லட்சத்துக்கு மேல், எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஆகவே ஆதார் நகலும் முன்பணமும் கொடுத்து ஒருநாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். இதிலே என்ன வரலாறு இருக்கு என்று கேட்கலாம். லென்ஸ் என்பது தூரத்தைக் கையாளுகிற கருவி. நாஞ்சில் நாட்டிலோ தூரம் ஒருகாலத்திலும் வெறும் இயற்பியல் அளவாக இருந்தது கிடையாது.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871இல் வெளியிட்ட ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’ நூலில் திருவிதாங்கூரின் தீண்டல் தூரங்களைக் காலடிக் கணக்கில் தருகிறார். பிராமணரிடமிருந்து சாணார் 36 காலடி தள்ளி நிற்க வேண்டும், புலையர் 96 காலடி. நாயரிடமிருந்து சாணார் 12, புலையர் 66. லென்ஸ் கடைக்காரர் கையில் இருப்பதும் எண்களின் பட்டியல்தான்: 35, 50, 85, 200. ஐம்பது மில்லிமீட்டரில் ஒரு ஆளை நெஞ்சுவரை சட்டகத்துக்குள் கொண்டுவர எவ்வளவு நெருங்க வேண்டுமோ, இருநூறில் அதைப்போல நான்கு மடங்கு தள்ளி நிற்கலாம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுமே ஒரே கேள்விக்கான விடைகள். ஒருவன் எங்கே நின்றுகொண்டு இன்னொருவனைப் பார்க்க அனுமதிக்கப்படுகிறான்? முதல் பட்டியலை அழிக்க 1924இல் வைக்கத்திலும் 1926இல் சுசீந்திரத்திலும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. ஆலயப் பிரவேச அறிக்கை வந்தது 1936 நவம்பர் 12இல்தான்.

கேமரா இந்தக் கணக்குக்குள் நுழைந்த விதம் விசித்திரமானது. 1839இல் டாகேர் முறை அறிவிக்கப்பட்டபோது லென்ஸ் மிக மெதுவானது. உட்கார்ந்த ஆள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கணும். 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு வடிவமைத்த, 3.6 அபெர்ச்சர் கொண்ட லென்ஸ்தான் மனித முகத்தைப் படமாக்குவதை ஒரு தொழிலாக்கியது. அதற்கடுத்த இருபது வருஷத்துக்குள்தான் இங்கே தோள்சீலைக் கலகத்தின் கடைசிக் கட்டம் வெடித்தது. 1859 ஜூலை 26ஆம் தேதி அரச அறிவிப்பு சாணார் பெண்கள் மேலே துணி போடலாம் என்று அனுமதித்தது, ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற பாணியில் கூடாது என்ற நிபந்தனையோடு. உடுத்துவதில் விலகல், பார்ப்பதில் நெருக்கம்: இதுதான் அன்றைய ஒழுங்கு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘பீப்பிள் ஆஃப் இந்தியா’, 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ‘காஸ்ட்ஸ் அண்ட் டிரைப்ஸ்’ ஏழு தொகுதிகள் எல்லாமே உடம்புக்கு மிக நெருங்கிப் போன பிரதிகள். தர்ஸ்டன் மண்டையோட்டையும் மூக்கையும் அளந்தவர். அந்தக் கேமரா யாரிடமும் கேட்டு நெருங்கவில்லை. ஆகவே தூரம் ஒடுக்குமுறை, நெருக்கம் விடுதலை என்று சுலபமான சூத்திரம் ஒன்றை யாரும் இங்கே போட்டுவிட முடியாது. யார் அனுமதி கேட்கிறார், யார் கொடுக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கல்யாண வீட்டில் இந்த அனுமதி எப்படி வேலை செய்தது? பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1965இல் தன் குழுவினரோடு வெளியிட்ட ஒளிப்பட ஆய்வில், தன் சொந்தப் பகுதியான பேயார்ன் கிராமங்களுக்குள் போட்டோ முதன்முதலில் கல்யாணத்தின் வழியாகத்தான் நுழைந்தது என்கிறார். படத்தில் பதிவாவது தனிமனிதர்கள் அல்ல, உறவு ஸ்தானங்கள். நம்மூர் ஸ்டூடியோக்காரருக்கு இதை பூர்தியூ வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் தோளில் தொங்கிய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஊட்டியில் 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிமாக இருந்தாலும் கணக்கு அதேதான். பன்னிரண்டில் தாய்மாமனுக்கு எத்தனை, பெரியப்பாவுக்கு எத்தனை என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். ஆனால் அந்தக் கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது. தாலி கட்டுவது தெரிய வேண்டுமானால் போட்டோக்காரர் மணவறைக்குப் பக்கத்தில் போய்த்தான் ஆகணும். “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்று குடும்பத் தலைவரையே ஒதுக்கிவிடுகிற ஒரே வெளியாள் அவர்தான். கருவியின் போதாமை கொடுத்த அதிகாரம் இது. (யாரை போட்டோ எடுக்கக் கூப்பிடுவது என்பதிலேயே சாதி வடிகட்டிவிடும் என்பது வேறு விஷயம்.)

இரவலுக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசமும் இங்கே வருகிறது. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவோம், உறவிலே. சமுதாய அண்டாவும் உருளியும் அந்தந்தச் சமுதாயத்துக்காரர்களுக்குத்தான். இரவல் ‘நீ யாரு மக்கா?’ என்று கேட்கிறது. வாடகை முன்பணத்தைக் கேட்கிறது. ஸ்டூடியோவில் தொங்கிய பொதுக் கோட்டை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருக்கும்; அந்தக் கோட்டு எந்தத் தோளையும் ‘நீ யார்’ என்று கேட்கவில்லை. முன்பு கேமராவுக்கு முன்னால் இருந்த வாடகைப் பொருள் இப்போது பின்னால் போயிருக்கிறது, அவ்வளவுதான். லென்ஸ் கடையில் ஆதார் அட்டையின் நகல்தான் பேசும். ஜனநாயகம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சின்ன விஷயமும் இல்லை.

ஆனால் கடையைத் தாண்டி மண்டபத்துக்குள் வந்ததும் அந்த லென்ஸ் வேறு வாசிப்புக்கு ஆளாகிறது. சில ஆண்டுகளுக்கு முன் தோவாளைப் பக்கம் ஒரு நண்பனின் கல்யாணம். ஸ்டூடியோக்காரர் தனியே உண்டு. எங்களுக்காகப் படம் எடுத்தவன் எங்களோடு கல்லூரியில் படித்த இன்னொரு நண்பன், தலித். 70-200 வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். வீட்டுப் பெரியவர் ஒருத்தர் அவனிடம் நேராகச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்: “பெரிய லென்சுல்லா வச்சிருக்கான், அங்கனயே நின்னு எடுக்கட்டும். எதுக்கு மணவறைல ஏறணும்?” வெளிச்சத்துக்காக எடுத்து வந்த லென்ஸை அவர் தூரத்துக்கான லென்ஸாக வாசித்துவிட்டார். ஒரு தொழில்நுட்ப வசதி, 12, 36, 66, 96 என்ற வரிசையில் இன்னொரு எண்ணாகிவிட்டது. யாரும் யாரையும் தடுக்கவில்லை, யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. ‘வசதியாக இருக்குமே’ என்பதுதான் பேச்சு. நண்பன் ஒன்றும் சொல்லாமல் பெரிய லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு 18-55ஐ மாட்டிக்கொண்டு ஏறினான். படங்கள் புள்ளி புள்ளியாகத்தான் வந்தன. முகத்தின் பரிமாணத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, படம் எடுப்பவன் நிற்கிற இடம் என்பது ஒளியியலின் பாலபாடம். அந்தப் புள்ளிப் படங்களில் அது தெரிகிறது.

நீள லென்ஸின் இன்னொரு வேலை, பின்னணியை மங்கலாக்கிவிடுவது. இந்த அழகியலுக்கும் உள்ளூர் வரலாறு உண்டு. மருமக்கள்வழியில் கணவன், மனைவி, பிள்ளைகள் என்பது சொத்துரிமை அலகே அல்ல. தறவாடும் காரணவரும்தான் குடும்பம். கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ எதைக் கேலி செய்ததோ அதைச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது 1926இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மூலமாக. சுசீந்திரம் தெருவில் சத்தியாக்கிரகம் நடந்த அதே வருஷம். தம்பதி என்ற சட்டகம் அப்படித்தான் இங்கே கெட்டிப்பட்டது. நாற்காலியில் இருவர் உட்கார்ந்த படம் அதன் சான்றுப் பத்திரம். அன்று குடும்பம் பின்னால் நின்றது, தெளிவாகத் தெரிந்தது. இன்று 200 மில்லிமீட்டரில், 2.8இல், பின்னால் நிற்கிறவர்கள் வண்ணக் குமிழ்களாகக் கரைந்துவிடுகிறார்கள். சாதி காணாமல்போன மாதிரி படம் சொல்கிறது. காணாமல்போனது படத்தில் மட்டும்தான்.

சாதி தாண்டிக் கல்யாணம் செய்கிறவர்களுக்கு இந்த மங்கல் ஆகவே ஆகாது. 1967இல் அண்ணா அரசு கொண்டுவந்து 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு புரோகிதரைக் கேட்கவில்லை. உறவினர் அல்லது நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் நடந்தால் போதும் என்கிறது. மாலை, மோதிரம், தாலி எதுவும் ஆகும். 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் கல்யாணங்கள் செல்லாது என்று சொன்னதை, உச்சநீதிமன்றம் 2023 ஆகஸ்டில் மாற்றியது: ஊரறிய அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அறிவித்தால் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இணைகள் இருக்கிறார்கள் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அங்கே கேமராவோடு வருகிற நண்பனே சாட்சியும்கூட. நாளைக்குப் பெண்ணின் வீட்டார் கடத்தல் புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் நீட்ட வேண்டியது அவன் எடுத்த படத்தைத்தான். அதில் தாலி மட்டும் தெரிந்தால் போதாது. சுற்றி நின்ற ஒவ்வொரு முகமும் அடையாளம் தெரியணும். அதற்கு வாடகைக்கு எடுக்க வேண்டியது 35 மில்லிமீட்டர். அபெர்ச்சரை எட்டில் வைத்து, பிளாஷ் போட்டு, எல்லோரையும் கிட்டே வரச்சொல்லி எடுக்கணும்.