தாடைத் தசையை அளந்த கதை

காதுக்குச் சற்று முன்னே கன்னத்தின்மீது இரு விரல்களை வைத்து, பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். விரலின் கீழே ஒன்று திரண்டெழும். மெல்லும் தசைகளுள் முதன்மையான அதனை மருத்துவர் மசெற்றர் என்பர். மற்றொன்று நெற்றிப்பொட்டிலே விசிறிபோல் விரிந்து கிடக்கின்றது; இன்னும் இரண்டு, தாடையெலும்பின் உட்புறத்தே மறைந்துள்ளன. உயிரோடிருக்கும் ஒருவரிடத்தே இவற்றின் பருமனை அளப்பது எங்ஙனம்?

இத்தாலிய அறிஞர் பொரெல்லி 17ஆம் நூற்றாண்டிலே கீழ்க் கடைவாய்ப் பற்களின்மேற் கயிற்றையிட்டு, அதிலே பாரத்தைத் தொங்கவிட்டுத் தாடையின் வலுவைக் கணித்தார். வலு தெரிந்தது, பருமன் தெரியவில்லை. அதனை அறியப் பிணத்தை அறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அவ்வறிவு தமிழில் வந்த வரலாறு நமக்கு அயலிலேயே நிகழ்ந்தது. பூநகரிக்கு வடக்கே, கடனீரேரிக்கு அப்பால், மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் புகட்டினார். கிறே என்பாரின் உடலமைப்பு நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. தசைகளுக்கும் நரம்புகளுக்கும் தமிழிலே பெயர் தேடி அவர் பட்ட பாட்டை, கலைச்சொற்களோடு மல்லுக்கட்டும் ஆசிரியர்களாகிய நாங்கள் நன்கறிவோம்.

ஆயினும் பிணத்தின் தசை உயிருள்ள தசையன்று. கடிக்கும்போது அது தடிப்பதில்லை. பதனிடும் மருந்தும் அதன் அளவை மாற்றிவிடும். 1895இல் ரொண்ட்கன் கண்ட எக்ஸ் கதிரோ எலும்பைத் துலக்கமாகக் காட்டி, தசையை வெறும் நிழலாக விட்டுவிட்டது.

1971இல் இலண்டன் மருத்துவமனையொன்றிலே ஹவுன்ஸ்ஃபீல்டின் சீ.ரி. ஸ்கான் முதல் நோயாளியைப் படம்பிடித்தபின்பே வழி திறந்தது. உடலை அறுக்காமலே அதன் குறுக்குவெட்டைக் காண முடிந்தது. ஆனால் அப்படத்தை நம்பலாமா? 1984இல் வைஸ், ஹில்லன் என்னும் நெதர்லாந்து அறிஞர் இருவர், சடலங்களை முதலிற் படம்பிடித்துப் பின்னர் அறுத்து, இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டனர். இதனையே நான் பெரிதாக மதிக்கின்றேன். புதிய கோலைப் பழைய கோலோடு வைத்துச் சரிபார்க்காமல் அளக்கப் புகுவது கணக்கன்று.

வெட்டும் கோணத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு. பனங்கிழங்கை நேர்குறுக்காக வெட்டினால் முகம் வட்டமாயிருக்கும். சரித்து வெட்டினால் நீண்டு பெருகும். தசையும் அப்படியே. வெட்டுத்தளம் 30 பாகை சரிந்தால் பரப்பு ஏறத்தாழ 15 வீதம் கூடிவிடும். தசை வளரவில்லை, கோணமே மாறியது!

எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சின்றித் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டுகின்றது. எனினும் செலவு மிகுந்தது, நேரமும் கொள்வது. கேளா ஒலி ஸ்கான் மலிவானது. கடிக்கையிற் தசை தடிப்பதை அப்போதே காட்டும். ஆனால் கருவியைக் கன்னத்தில் சற்று அழுத்திவிட்டால் தசை நசுங்கி அளவு குறையும். மசெற்றரின் தடிப்பே ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான். அங்கே ஒரு மில்லிமீற்றர்ப் பிழை பத்தில் ஒரு பங்காகும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். பாக்கு மெல்லும் வழக்கத்தால் வாயின் உட்புறம் நாராய் இறுகி, வாயைத் திறக்க இயலாதுபோகும் நோய் நம் நாட்டிலே உண்டு. அத்தகையவரின் மெல்லும் தசை தடித்ததா, மெலிந்ததா, சிகிச்சையால் மாறியதா என்று கூறவேண்டுமாயின், முதலிலும் பின்னரும் ஒரே கருவியால், ஒரே கோணத்தில், பல்லைக் கடித்தோ கடிக்காமலோ ஒரே நிலையில் அளந்திருத்தல் வேண்டும். இன்றேல் நோயாளிக்கு நாம் சொல்வது கருவியின் மாற்றமேயன்றி, அவர் உடலின் மாற்றமன்று.

இத்தனை கருவிகள் வந்த பின்னரும், 2021இலே சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர், மசெற்றரின் அடியில் தெளிவாக விவரிக்கப்படாதிருந்த ஓர் அடுக்கை விளக்கினர். அதற்கு ஸ்கான் படங்களோடு அவர்கள் கையிலெடுத்தது, பழைய அறுவைக் கத்தியையே.