எல்லையில் ஓர் ஊர்: ஜூஜுவாடி

அரபியில் 'ஹத்து' என்றால் எல்லை. மத்ரஸாக்களில் மன்திக் என்னும் தருக்க நூல் ஓதுவோர், ஒரு பொருளின் இலக்கணத்தையும் அதே சொல்லாலேயே குறிப்பர். எல்லை தெரிந்தால் பொருள் தெரியும் என்பது கருத்து. இவ்விதி ஊர்களுக்கும் பொருந்துமா? ஓசூரை அடுத்த ஜூஜுவாடியைக் கொண்டு ஆராய்வோம்.

பெங்களூர் நெடுஞ்சாலையில் தமிழகம் முடியுமிடம் ஜூஜுவாடி. அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இவ்வெல்லை 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது பிறந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. இது மொழி வரைந்த கோடன்று. போர் வரைந்த கோடு. ஹைதர் அலீ, திப்பு சுல்தான் காலத்தில் இருபுறமும் ஒரே மைசூர் நாடு. 1792 உடன்படிக்கையில் பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று; ஓசூர் போகவில்லை. 1799 மே 4இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின்னரே, ஓசூர்ச் சீமை கும்பினியாரின் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அத்திப்பள்ளி மைசூர் உடையாரிடம் நின்றது. 1956 அக்கோட்டை ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

ஆகவேதான் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் இப்பக்கத்தில் கலந்து ஒலிக்கின்றன. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் வேறு மொழி என்பது இங்கு வியப்பன்று.

1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. ராகியும் அவரையும் விளைந்த மானாவாரி நிலங்களினருகே ஆலைகள் எழுந்தன. தொலைதூர மக்களும் பிழைப்புத் தேடி வந்தனர். 2019இல் மாநகராட்சியான ஓசூருக்குள் இன்று இவ்வூரும் அடக்கம். வெளியூரார்க்கோ ஜூஜுவாடி என்றால் சோதனைச் சாவடி மட்டுமே. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சாவடிகளும் வழக்கொழிந்தன.

2016 செப்டம்பரில் காவிரிப் பூசல் மூண்டபோது பேருந்துகள் எல்லையில் நின்றன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் நடந்தே கடந்தனர். மொழியின் பெயரால் பகை மூட்டுவோர், இக்கோடு எம்மொழியாலும் வரையப்பட்டதன்று என்பதை அறிந்திருந்தால் சற்றேனும் நாணியிருப்பர்.

தருக்க நூலின் விதி இங்கே பொருந்தவில்லை. எல்லையைக் கொண்டு இவ்வூரை அறிய முடியாது. அங்கு வாழ்வோரைக் கொண்டே அறிய முடியும். மனிதரைப் பல கூட்டத்தாராக இறைவன் படைத்தது ஒருவரையொருவர் அறிவதற்கே என்பது நம் மார்க்கம் தரும் பாடம். எனவே எல்லையோர முதியோர் நினைவில் உள்ளவற்றையும், பழைய பத்திரங்களில் உள்ள பெயர்களையும் இளைஞர்கள் இன்றே எழுதி வைக்க வேண்டும். ஆலைப் புகையில் ஊரின் முகம் மறையுமுன் அதனைச் செய்வது நம் கடமை.