தொடக்கக்கால அமெரிக்க ஆட்சிமுறையும் குடியுரிமையும்: நடுநிலைப்பள்ளிப் பாடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில், ஏறத்தாழ 11 முதல் 14 வயது மாணவர்கள் தங்கள் நாட்டின் ஆட்சிமுறை உருவான விதத்தையும் குடிமக்களின் உரிமை, கடமைகளையும் கற்கும் பாடப்பகுதி. சில மாநிலங்களில் இது வரலாற்றுப் பாடத்துக்குள் அடங்கும். சிலவற்றில் குடிமையியல் என்னும் தனிப்பாடம். நாடு முழுமைக்கும் பொதுவான பாடத்திட்டம் அங்கே கிடையாது. அரசமைப்புச் சட்டம் கல்வியைப் பற்றி எதுவும் கூறாததால் அந்தப் பொறுப்பு மாநிலங்களுக்கு உரியதாயிற்று. டெக்சாஸ் மாநிலத்தின் எட்டாம் வகுப்பு வரலாறு 1877இல் முடிகிறது. கலிபோர்னியாவிலோ அதே வகுப்பு அரசமைப்பின் ஆக்கத்தில் தொடங்கி முதல் உலகப் போர் வரை செல்கிறது.

பாடப்பொருள்

பாடம் பெரும்பாலும் குடியேற்றங்களிலிருந்து தொடங்கும். 1619இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் அவை, 1620இல் மேபிளவர் கப்பலில் 41 ஆண்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை, அவற்றோடு இங்கிலாந்தின் 1215ஆம் ஆண்டு மகா சாசனம், 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம், ஜான் லாக், மான்டெஸ்கியூ ஆகியோரின் கருத்துகள் என்று அடித்தளம் போட்டபின் 1776 சூலை 4ஆம் நாள் விடுதலைப் பிரகடனம் வரும்.

இதற்கு அடுத்த பகுதியே இப்பாடத்தின் உயிர்நாடி. 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி மைய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. பணம் தாருங்கள் என்று மாநிலங்களைக் கேட்கலாம்; அவை மறுத்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு விதியைத் திருத்த வேண்டுமானால் 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். விடுதலைப் போரில் ஈடுபட்ட வீரர்களுக்குச் சம்பளம் பாக்கி. மாசச்சூசெட்ஸ் உழவர்கள் கடனாலும் வரியாலும் நிலத்தை இழந்துகொண்டிருந்தார்கள். 1786இல் டேனியல் ஷேய்ஸ் போன்றோர் தலைமையில் அவர்கள் திரண்டு, கடன் வழக்குகள் நடக்கவிடாமல் நீதிமன்றங்களை மறித்தார்கள். அரசு எதற்கு, அதற்கு எவ்வளவு அதிகாரம் தகும் என்ற கேள்விக்கு இலக்கணம் சொல்லிப் புரியவைப்பதைவிட இந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் 13 வயதுப் பிள்ளைக்கு எளிதாகப் புரியும். நல்ல ஆசிரியர்கள் இங்கே அவசரப்படுவதில்லை.

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியாவில் நடந்த அரசமைப்பு மாநாட்டில் 12 மாநிலங்களைச் சேர்ந்த 55 பேர் பங்கேற்றார்கள். ரோட் ஐலண்டு யாரையும் அனுப்பவில்லை. மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் வேண்டும் என்றன பெரிய மாநிலங்கள். சம இடம் வேண்டும் என்றன சிறியவை. பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி, செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு என்று முடிவாயிற்று. மாணவர்களையே பேராளர்களாக்கி இந்த வாதத்தை வகுப்பறையில் நடத்துவது பரவலான வழக்கம்.

இதே மாநாட்டில்தான் அடிமைகளாக்கப்பட்டவர்களில் ஐவரை மூவராகக் கணக்கிடும் ஏற்பாடும் செய்யப்பட்டது. அவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்களை எண்ணியதால் கிடைத்த கூடுதல் இடங்களின் பயன் அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களின் மாநிலங்களுக்குப் போயிற்று. அடிமை வாணிகத்தை 1808க்கு முன் தடைசெய்யக் கூடாது என்பதும் ஆவணத்தில் எழுதப்பட்டது. முதல் சமரசத்துக்கு ஒரு வாரமும் இரண்டாவதற்கு ஒரு பத்தியும் ஒதுக்கும் பாடநூல் மாணவருக்கு முழு உண்மையைச் சொல்வதாகாது.

ஆவணத்தில் 39 பேர் கையெழுத்திட்டார்கள். ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் அது நடைமுறைக்கு வரும் என்ற நிலையில், 1788 சூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்றது. அதை ஆதரித்து ஹாமில்டன், மாடிசன், ஜே மூவரும் 85 கட்டுரைகள் எழுதினர். தனிமனித உரிமைகள் எழுத்தில் இல்லை என்று எதிர்ப்பாளர்கள் கிளப்பிய குறையைப் போக்க 1791 டிசம்பர் 15 அன்று முதல் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன.

குடியுரிமை

1787ஆம் ஆண்டு ஆவணம் குடிமகன் யார் என்பதை வரையறுக்கவில்லை. 1790ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் இரண்டாண்டு வசித்த, நன்னடத்தையுள்ள சுதந்திர வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது. வாக்குரிமையை மாநிலங்கள் தீர்மானித்தன. பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை ஆண்களுக்கே அது கிடைத்தது. நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்களும் 1807 வரை வாக்களித்தார்கள், பிறகு அந்த உரிமை பறிக்கப்பட்டது. இதைப் படிக்கும் மாணவர்கள் வியந்து நிற்பதுண்டு, ஏனெனில் உரிமை என்பது கூடிக்கொண்டே போவது என்று நாம் எல்லாருமே எண்ணிக்கொள்கிறோம்.

கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல் வந்த 14ஆம் திருத்தமே அந்தத் தீர்ப்பைத் துடைத்து, அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் அதிகார எல்லைக்கு உட்பட்டவர் குடிமகன் என்றது. பெண்களின் வாக்குரிமை 1920இல் நாடு முழுவதும் உறுதியானது. பழங்குடியினர் அனைவரும் குடிமக்களானது 1924இல்தான். இந்தியர்களுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த், சட்டம் கூறும் வெள்ளையர் அல்லர் என்று 1923இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் திறந்தது. இன்று அந்த வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அயலார் கதையன்று.

மாணவர் வயதுக்கே நெருக்கமான வழக்கும் ஒன்று உண்டு. 1965 டிசம்பரில் ஐயோவா மாநிலத்து டெமாயின் நகரில், வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து வந்த 13 வயது மேரி பெத் டிங்கரைப் பள்ளி நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியது. பாடம் நடப்பதற்கு இடையூறில்லாதவரை மாணவருக்குப் பேச்சுரிமை உண்டு என்று 1969இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. முதலாம் திருத்தத்தை இதிலிருந்து தொடங்கினால் பாடம் தங்களைப் பற்றியது என்று மாணவர்கள் உணர்வார்கள்.

சட்டங்களும் தேர்வுகளும்

2004ஆம் ஆண்டுச் சட்டப்படி மைய அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்கள் செப்டம்பர் 17ஐ ஒட்டி அரசமைப்பு பற்றி நிகழ்ச்சி நடத்த வேண்டும். புளோரிடா 2010இல் நடுநிலைப்பள்ளிக் குடிமையியலைக் கட்டாயமாக்கியது. இறுதித் தேர்வுக்குப் பாட மதிப்பெண்ணில் 30 விழுக்காடு. அச்சட்டம் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானரின் பெயரைத் தாங்கியது. ஓய்வுக்குப் பின் 2009இல் அவர் தொடங்கிய ஐசிவிக்ஸ் அமைப்பின் கணினி விளையாட்டுகளைப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன.

மாசச்சூசெட்ஸின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் எட்டாம் வகுப்பில் மாணவர்களே முன்னின்று செய்யும் கட்சிசாராக் குடிமைச் செயல்திட்டம் ஒன்றைக் கேட்கிறது. டெக்சாஸோ 2021இல், சட்டமன்றத்திடம் கோரிக்கை வைப்பது போன்ற செயல்களுக்கு மதிப்பெண் வழங்கத் தடைவிதித்தது. மாணவரை அரசியலில் இழுத்துவிடக் கூடாது என்ற அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. எனினும் ஒரு மனுவைக்கூட எழுதிப் பழகாமல் குடிமையியலைக் கற்றுவிட முடியாது.

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிப்புக்கும் கணிதத்துக்கும் மைய அரசு ஆண்டுதோறும் தேர்வு கேட்கிறது, குடிமையியலுக்குக் கேட்பதில்லை. எட்டாம் வகுப்பினருக்கு 2022இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் 22 விழுக்காட்டினரே குடிமையியலில் தேர்ச்சி நிலையை எட்டினர். 1998இல் இந்த மதிப்பீடு தொடங்கியபின் சராசரி மதிப்பெண் சரிந்தது அதுவே முதல் முறை. 1787இன் சமரசங்களையும் 1868இன் திருத்தத்தையும் சேர்த்துப் படிக்க ஒரு பருவம் போதாது. எட்டாம் வகுப்பில் முழு ஆண்டும் ஆட்சிமுறைக்கும் குடிமை வாழ்வுக்கும் ஒதுக்கும் மாசச்சூசெட்ஸ் பாடத்திட்டமே மற்ற மாநிலங்கள் பின்பற்றத்தக்கது.