லேபிள் இல்லாத புட்டி

பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில், பிரெஞ்சு எல்லைக்கு அருகே, வெஸ்ட்ஃபிளேட்டரென் என்றொரு சிற்றூர். அங்குள்ள புனித சிக்ஸ்டஸ் மடத்தின் துறவியர் 1830களின் இறுதியிலிருந்து பீர் காய்ச்சி வருகிறார்கள். 1945க்குப் பிறகு பல பத்தாண்டுகள் அவர்களுடைய புட்டிகளில் லேபிளே கிடையாது. பழுப்புக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றிப் புடைப்பெழுத்தில் டிராப்பிஸ்ட் பீர் என்ற வளையம், தலையில் ஒரு தகர மூடி, அவ்வளவுதான். சட்டம் கேட்ட விவரங்களை அந்த மூடியின் சிறு வட்டத்துக்குள் பொடியெழுத்தில் அடக்கிவிட்டார்கள். வகையை நிறம் சொல்லும்: பச்சை மூடி இளம்பொன்னிற பீர், நீலம் 'எட்டு', மஞ்சள் 'பன்னிரண்டு'. மூடியைத் திறந்து வீசிவிட்டால், உள்ளே இருப்பது எது என்பதற்கு நாவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இதே மடம் 1946இல், தன் பீரைக் காய்ச்சி விற்கும் உரிமத்தை அருகிலுள்ள வாட்டூ என்ற ஊரின் ஓர் ஆலைக்கு வழங்கியது. 1992இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஆலை இன்று புனித பெர்னார்டுஸ் என்ற பெயரில் விற்கும் பீரின் லேபிளில் கோப்பையும் கையுமாய் ஒரு துறவி சிரிக்கிறார். துறவியர் உள்ள இடத்தில் படம் இல்லை. படம் உள்ள இடத்தில் துறவியர் இல்லை. மடாலய பீரின் வரலாற்றில் லேபிள் என்பது ஏன் இத்தனை பெரிய வழக்காயிற்று என்பதை இந்த முரணிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

கைத்தொழிலால் வாழ்பவரே மெய்த்துறவி என்று 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் விதித்தார். அவ்விதியைத் தளர்வின்றிக் கடைப்பிடிக்க விரும்பிய சீர்திருத்தம் 17ஆம் நூற்றாண்டில் நார்மண்டியின் லா டிராப் மடத்தில் பிறந்தது. டிராப்பிஸ்ட் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அவர்களில் சிலர் பாலாடைக்கட்டி செய்தார்கள், சிலர் பீர் காய்ச்சினார்கள். சரக்குக்கு நல்ல பெயர் வந்ததும், அங்கி அணியாத முதலாளிகளும் அந்தச் சொல்லைத் தங்கள் புட்டிகளில் ஒட்டலாயினர். 1962இல் கெண்ட் நகர நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. டிராப்பிஸ்ட் என்பது பீரின் பாணியைக் குறிக்கும் சொல் அன்று. அத்துறவியர் காய்ச்சியது என்பதையே குறிக்கும் என்பது அதன் சாரம்.

1997இல் எட்டு மடங்கள் கூடி ஒரு சங்கம் அமைத்து, அறுகோண முத்திரை ஒன்றை உருவாக்கின. அதன் நிபந்தனைகள் விசித்திரமானவை. பீர் மடத்தின் மதில்களுக்குள்ளோ மிக அண்மையிலோ காய்ச்சப்பட வேண்டும். துறவியரோ அவர்களின் மேற்பார்வையில் பிறரோ காய்ச்ச வேண்டும். மடவாழ்வுக்கு அத்தொழில் இரண்டாம்பட்சமாய் இருக்க வேண்டும். வருவாய் மடத்தின் பராமரிப்புக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். நிறம், சுவை, செறிவு பற்றி ஒரு சொல்லும் இல்லை! நாவுக்கு எதையும் உறுதியளிக்காத உணவு முத்திரை உலகில் வேறு எத்தனை இருக்கும்?

வணிக ஆலைகளும் சும்மா இருக்கவில்லை. லெஃப் மடத்தின் பெயர் 1952 முதலே உடன்படிக்கையின் பேரில் ஓர் ஆலையின் புட்டிகளில் ஏறியிருந்தது. அத்தகைய 'மடப்பெயர்' பீர்களுக்கென்று 1999இல் பெல்ஜிய ஆலையினரின் சங்கம் தனி முத்திரை கண்டது. நேர்மையான ஏற்பாடுதான், ஆயினும் அவசரத்தில் வாங்குபவர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுவார்.

முத்திரை வெறும் அலங்காரம் அல்ல என்பதை நெதர்லாந்தின் கோனிங்ஸ்ஹூவன் மடம் உணர்ந்தது. அது ஒரு பெரும் பீர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டதால் 1999இல் அறுகோணத்தை இழந்தது. துறவியரின் பங்கு உறுதிப்படுத்தப்பட்ட பின்னரே, 2005இல் அது திரும்பக் கிடைத்தது.

ஆனால் துறவியரே இல்லாமல் போனால்? பெல்ஜியத்தின் ஆகெல் மடத்தின் கதை இதுதான். முதல் உலகப்போரில் ஜெர்மானியப் படை தாமிரத்துக்காக அதன் கொப்பரைகளைப் பெயர்த்தெடுத்துச் சென்றது. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அங்கே அடுப்பு எரியவில்லை. 1998இல், வெஸ்ட்மாலே, ரோஷ்ஃபோர் மடத்துச் சகோதரர்களின் துணையோடு காய்ச்சல் மீண்டும் தொடங்கியது. 2021இன் தொடக்கத்தில் அங்கு எஞ்சியிருந்த துறவியரும் வெளியேறினர். கொப்பரைகள் அப்படியே இருந்தன, பீரும் தொடர்ந்து வந்தது. ஆனால் புட்டியிலிருந்து அறுகோணம் அகன்றது. வெஸ்ட்மாலே மடத்தின் பொறுப்பில் இருந்த வரையில் டிராப்பிஸ்ட் என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. 2023இல் இடம் ஒரு தொழிலதிபருக்கு விற்கப்பட்டது. அந்தச் சொல்லும் லேபிளைவிட்டு நீங்கியது.