நின்ற தொடரும் மீண்டும் எழுதிய நாவலும்: அ. மாதவையாவின் புனைகதைத் தேர்ச்சி

திறவுச்சொற்கள்: மாதவையா, முத்துமீனாக்ஷி, தன்மைக் கூற்று, தாமிரபரணிக்கரை

தாமிரபரணிப் பாசனத்தில் மேலே பத்தமடை தொடங்கிக் கீழே பெருங்குளம் வரை இருந்த அக்கிரகாரங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு தலைமுறையை வெளியூர்களுக்கு அனுப்பின. பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர்ச் சுவாமி சிவானந்தர் எனத் துறவு பூண்டார். பெருங்குளத்தில் 1872இல் பிறந்த அ. மாதவையாவோ உப்பு இலாகாவில் அலுவல் பார்த்துக்கொண்டே, தாம் விட்டுவந்த வீடுகளைக் கதையாக எழுதினார். அக்கலையில் அவர் தேர்ச்சி பெற்ற வகையை இக்கட்டுரை ஆராய்கிறது.

1892இல் 'விவேகசிந்தாமணி' இதழில் 'சாவித்திரி' என்னும் புனைபெயரில் அவர் எழுதத் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' சில அத்தியாயங்களோடு நின்றது. அப்போது அவருக்கு வயது இருபது. கைவிடப்பட்ட அந்தக் கதை பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1903இல், 'முத்துமீனாக்ஷி' என்னும் நாவலாக வெளிவந்தது. இந்த இடைவெளியை வெறும் காலத்தாழ்வாகக் கொள்ளுதல் பொருந்தாது. இடையில்தான் 'பத்மாவதி சரித்திரம்' (1898) எழுதப்பட்டது.

பத்மாவதி சரித்திரத்தில் ஊரும் வீடும் உயிரோடு நிற்கின்றன. கதையில் வரும் 'சிறுகுளம்' என்னும் பெயரில் பெருங்குளத்தின் சாயலைக் காணாதிருப்பது கடினம். எனினும், ஆசிரியர் அடிக்கடி கதையை நிறுத்தி வாசகருக்கு அறிவுரை கூறுகிறார். பாத்திரம் தன் செயலால் உணர்த்த வேண்டியதைத் தாமே சொல்லிவிடுகிறார். முத்துமீனாக்ஷியில் அந்த வசதியை அவர் இழக்கிறார். இளமையிலேயே கைம்மை எய்திய பெண் தன் கதையைத் தானே கூறுவதால், அவள் கண்டதும் கேட்டதும் பட்டதும் மட்டுமே கதைக்குள் வர இயலும். சீர்திருத்தக் கருத்து, பிரசங்கமாகாமல் அனுபவமாக வர வேண்டிய கட்டாயம் இவ்வாறு உருவாகிறது. தன்மைக் கூற்று தமிழ் நாவலுக்குப் புதிதன்று. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) அவ்வாறே அமைந்தது. ஆனால் அங்குப் பேசுபவர் செல்வக் குடும்பத்து ஆடவர். அவர் எதையும் தடையின்றிச் சொல்லலாம். முத்துமீனாக்ஷி பேசுவதே ஊர் வழக்கை மீறும் செயலாகும். கலைநோக்கில் மாதவையாவின் முதன்மையான வெற்றி இதுவே எனலாம். அளவிற் பெரிய பத்மாவதி சரித்திரம் பெற்ற புகழ் இதனை மறைத்துவிட்டது.

எழுதியதை மீண்டும் எழுதும் பழக்கம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. 'ஹிந்து' நாளிதழுக்கு ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைகளை அவரே தமிழாக்கி, 1924இல் 'குசிகர் குட்டிக் கதைகள்' எனத் தந்தார். அவ்வாண்டு தொடங்கிய தம் 'பஞ்சாமிர்தம்' இதழில் பத்மாவதி சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தையும் எழுதத் தொடங்கினார். 1925 அக்டோபர் 22 அன்று, பட்ட வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பேசிய அன்றே உயிர் நீத்தார். மூன்றாம் பாகம் முற்றுப்பெறவில்லை.