கடவுச்சீட்டும் இடைத்தரகரும்: கொட்டியாறுப்பற்றை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் தெற்கே பரந்து கிடக்கும் கொட்டியாறுக் குடாவை அடுத்து, மூதூர்ப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்துள்ள ஊர் தோப்பூர். நெல்வயலை நம்பி வாழும் தமிழ்பேசும் முஸ்லிம்களும் தமிழரும் நெடுங்காலம் அயலவராய் இருந்துவரும் பகுதி இது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, அதன்பின் எஞ்சிய பாலங்களும் அமையும்வரை, இப்பகுதி மக்கள் மாவட்டத் தலைநகரை அடைய மூதூர்த் துறையிற் படகேற வேண்டும். அன்றேல் ஆற்றுத்துறைகளைப் ‘பாதை’யிற் கடந்து செல்ல வேண்டும். கடவுச்சீட்டு வழங்கும் தலைமைப் பணியகமோ தீவின் மறுகரையிற் கொழும்பில் இருந்தது. இத்தொலைவைக் கடப்பதற்கு ஊரார் ஒருவரின் துணையை நாடினர். அவரே ஊர்வழக்கில் ‘ஏஜென்சி’ எனப்படுபவர். சட்டத்தின் மொழியிற் கூறின், உரிமம் பெற்ற முகவருக்கும் ஊருக்கும் இடையே நிற்கும் உபமுகவர். பிறநாடு செல்வோருக்கு ஆவணம் எழுதித் தந்த இவ்விடைத்தரகரின் வரலாற்றையும், எழுதப்பட்ட தாளுக்கு யார் பொறுப்பேற்றனர் என்னும் வினாவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடைத்தரகர் என்பவர் எண்ணெய் நாடுகளோடு புதிதாகத் தோன்றியவர் அல்லர். இவரது முன்னோடியைக் காணப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலையகத்தை நோக்குதல் வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்தவர் கங்காணி. அவர் தொழிலாளரின் ஊரினர்; பலவேளை உறவினருமாவார். வழிச்செலவுக்கு முற்பணம் தந்தவரும், துரையிடம் பேசியவரும், கணக்கு வைத்தவரும் அவரே. அம்முற்பணம் தொழிலாளரின் கடனாக ஏட்டிற் பதியப்பட்டது. கடன் தீர்க்கப்படின் தொழிலாளரை விடுவிக்கத் தோட்டம் உடன்படுகிறது என்பதைக் காட்டும் சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. துண்டின்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாறுதல் அரிதாயிற்று. தொழிலாளி படிக்க அறியாத ஒரு தாள் அவன் வாழ்வைக் கட்டிப்போட்டது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் எழுத்தறிந்தவர் எழுத, அறியாதவர் அதன் சுமையைத் தாங்கும் உறவு அத்துடன் ஒழிந்துவிடவில்லை.

அவ்வுறவு சுதந்திர இலங்கையில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமையை இழந்தனர். அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பத்தின் மூலம் குடியுரிமை பெறும் வாயிலைத் திறந்தது. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை ஆவணங்களால் நிறுவ வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவும் வாடகைச் சிட்டையும் இல்லாத லயன் அறைகளில் வாழ்ந்தோரிடம் கேட்கப்பட்ட சான்றுகள் இவை. விண்ணப்பிப்பதை முதலிற் புறக்கணித்த இலங்கை இந்திய காங்கிரசும் பின்னர் அம்முடிவைக் கைவிட்டது. 1951 ஆகத்து 5இல் முடிவுற்ற காலவெல்லைக்குள் ஏறக்குறைய 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவர்களுட் குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. சட்டத்தின் நோக்கமே குறுகியதாய் இருந்தது என்பது ஒருபுறமிருக்க, விண்ணப்பம் என்பது வெறும் தாள் அன்று, ஒரு குடும்பம் எந்நாட்டுக்குரியது என்பதைத் தீர்மானிக்கும் கருவி என்பதை இலங்கைத் தமிழ்பேசும் மக்கள் முதன்முதலாகப் பெருந்தொகையில் உணர்ந்த சந்தர்ப்பம் இதுவே எனலாம்.

மூன்றாங் கட்டம் 1970களில் தொடங்குகிறது. 1973இன் எண்ணெய் விலையேற்றத்தால் வளைகுடா நாடுகளிற் செல்வம் பெருகியது. 1977இல் இலங்கையின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்து மத்திய கிழக்கை நோக்கிய தொழிற் புலப்பெயர்வுக்கு வழிவகுத்தன. வேலை தேடித் தருவோரை 1956ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் ஏலவே ஒழுங்குபடுத்தியிருந்தது. வெளிநாட்டு வேலைக்கெனத் தனியாக 1980ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்த 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தைத் தோற்றுவித்தது. உரிமமின்றி முகவர் தொழில் நடத்துதல் குற்றமாக்கப்பட்டது. உரிமம் பெற்றோர் பிணைப்பணம் வைக்க வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைக்குச் சென்றோரில் நால்வரில் மூவர் அளவில் பெண்களாய் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள்.

இச்சட்டங்களிற் காணப்படும் ஒரு குறை ஈண்டுக் கருதத்தக்கது. அவை கொழும்பிற் பெயர்ப்பலகை மாட்டிய முகவரைக் கண்டன. ஊரில் வீடு வீடாகச் சென்ற உபமுகவரைக் காணவில்லை. பெண்ணைத் தெரிவு செய்தவரும், அவளது பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கேட்டு வாங்கியவரும், படிவத்தை நிரப்பியவரும், ஒப்பமிட வேண்டிய இடத்தை விரலாற் சுட்டிக்காட்டியவரும் உபமுகவரே. எனினும் அவர் பெயர் எந்த ஆவணத்திலும் இடம்பெறவில்லை. கங்காணியின் பெயராவது தோட்டக் கணக்கேட்டில் இருந்தது. இந்நூற்றாண்டின் இடைத்தரகரோ எழுதிய கையின் அடையாளமே தெரியாது எழுதினார்.

இதன் விளைவை மூதூர் அறிந்த விதம் மிகக் கொடிது. தோப்பூர் அடங்கிய அதே பிரிவைச் சேர்ந்த ஷாபி நகரில், விறகு வெட்டிப் பிழைத்த ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர் றிஸானா நபீக். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரியில். கடவுச்சீட்டிற் பொறிக்கப்பட்டதோ 1982 பெப்ரவரி. ஆழிப்பேரலை அடித்துச் சில மாதங்களே கழிந்த 2005 மே மாதத்தில், பதினேழு வயதில், இருபத்து மூன்று வயதினராக அவர் சவூதி அரேபியாவின் தவாத்மி நகரில் வீட்டுப் பணியில் அமர்ந்தார். அம்மாதம் 22ஆம் நாள் அவர் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. கொலை என்றனர் வீட்டார். பால் புகட்டும்போது புரையேறியதென்றார் றிஸானா. முதலிற் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். அவ்வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகுதி பற்றியும் வலுவான ஐயம் எழுப்பப்பட்டது. 2007 யூன் 16இல் மரண தண்டனை விதிக்கப்படும்வரை அவருக்கு வழக்கறிஞர் எவரும் இருக்கவில்லை.

அதன் பின்னரே மேன்முறையீட்டுக்கு உதவி கிடைத்தது. ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்ட ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு நிதி திரட்டி வழக்கறிஞரை அமர்த்தியது. குற்றஞ் சாட்டப்பட்ட காலத்தில் அவர் சிறுமி என்பதே வாதத்தின் அடிப்படை. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு மரண தண்டனை விதிக்கலாகாது எனக் கூறும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தைச் சவூதி அரேபியாவும் ஏற்றிருந்தது. ஆனால் அவரது கடவுச்சீட்டே அவருக்கு எதிராகச் சாட்சி கூறியது. வேலை பெற்றுத் தருவதற்காக ஊரில் எவரோ கூட்டிய ஆறு ஆண்டுகள், உயிரைக் காக்க வேண்டிய வேளையிற் குறையவில்லை. 2013 சனவரி 9ஆம் நாள் தண்டனை நிறைவேற்றப்பட்டது. இலங்கை தன் தூதுவரைத் திருப்பி அழைத்தது. அவரது பயண ஆவணங்களிற் பொய்யுரைத்த குற்றத்துக்காக முகவர் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் ஈராண்டுச் சிறைத்தண்டனை விதித்திருந்தது. எழுதியோருக்கு ஈராண்டு, எழுதப்பட்டவருக்கு ஏழரை ஆண்டுச் சிறையும் மரணமும். இவ்வேறுபாடே இவ்வரலாற்றின் சாரம்.

உபமுகவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது வரலாற்று விளக்கமாகாது. அவர் ஒரு தேவையின் விளைவு. நெடுநாட் போரும் 2004இன் ஆழிப்பேரலையும், 2006 ஆகத்தில் மூதூர், தோப்பூர் மக்களைக் கந்தளாய்க்கு ஓடச்செய்த சண்டையும் வீடுகளோடு ஆவணங்களையும் அழித்தன. அரச அலுவலகங்களிலோ தமிழில் மறுமொழி கிடைப்பது அரிது. இந்நிலையில் பயணச் செலவைத் தாமே ஏற்று, கொழும்புக்கு உடன்வந்து, வரிசையில் நின்று தரும் ஓர் அயலவரை மக்கள் நம்பியதில் வியப்பில்லை. நேர்மையாக உழைத்த உபமுகவரும் இருந்திருப்பர். நேர்மையானவரையும் அல்லாதவரையும் பிரித்தறிய வாய்ப்பில்லாது போனமையே முறைமையின் குற்றம்.

பிற நாடுகள் இவ்வினாவை வேறு முனையிலிருந்து அணுகியுள்ளன. குடிவரவு தொடர்பாக ஆலோசனை கூறுவோர் பதிவு செய்தல் வேண்டும் என அவுஸ்திரேலியா 1992இல் விதித்தது. தகுதி பெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குதல் குற்றமென ஐக்கிய இராச்சியத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அங்கெல்லாம் மோசடி முற்றாக ஒழிந்ததென்பதன்று. ஆயினும் ஆலோசகருக்கு ஒரு பெயரும் இலக்கமும் உண்டு, முறையிடுவதற்கு ஓர் இடமும் உண்டு. அப்பாதுகாப்பு வருவோரை ஏற்கும் நாடுகளில் அமைந்தது. பெண்ணை அனுப்பும் ஊரின் வாசலிலோ அது எட்டவில்லை.

2013இன் பின் இலங்கை சில மாற்றங்களைச் செய்தது. சவூதி அரேபியாவுக்குச் செல்லும் பணிப்பெண்ணின் குறைந்த வயது 25 ஆக உயர்த்தப்பட்டது. குடும்பப் பின்னணி அறிக்கையும் கேட்கப்பட்டது. பிரதேச செயலகங்களில் இதற்கென அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அமர்த்தப்பட்டனர். 2022இல் வயதெல்லை எல்லா நாடுகளுக்கும் 21 என மீண்டும் குறைக்கப்பட்டது. இவற்றுள் வயதெல்லையின் ஏற்றமும் இறக்கமும் மூலகாரணத்தைத் தொடுவனவல்ல. பொய் வயது எழுதத் துணிந்தவருக்கு எல்லை உயரும்போது எழுத வேண்டிய பொய்யே பெரிதாகிறது, வறுமை குறைவதில்லை. மாறாக, படிவத்தை விளக்கிக் கூறக் கடமைப்பட்ட ஓர் உத்தியோகத்தர் ஊருக்கருகே அமர்வது மூலத்தைத் தொடும் மாற்றம். அவர் பெண்ணின் மொழியிற் பேசி, அவள் ஒப்பமிடும் தாளை அவளுக்குப் படித்துக் காட்டி, அதன் கீழ்த் தம் பெயரையும் எழுதுவாராயின், துண்டுக் காலம் முதல் தொடரும் ஒரு குறை நீங்கும்.

கங்காணியின் துண்டும், குடியுரிமை விண்ணப்பமும், ஷாபி நகரிலிருந்து சென்ற கடவுச்சீட்டும் வெவ்வேறு காலத்தின் தாள்கள். ஆனால் அவை கூறும் செய்தி ஒன்றே: பிறர் எழுதிய தாளுக்கு எழுதப்பட்டவரே விலை கொடுத்தார். வறியவர் புலம்பெயர்வதை எந்தச் சட்டமும் தடுத்துவிடப் போவதில்லை. மூதூர்த் துறையிற் படகேறியவரின் பிள்ளைகள் இன்று பாலங்களைக் கடந்து அதே பயணத்தை மேற்கொள்கின்றனர். அவர்கள் கையிலுள்ள தாளில் உண்மை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுதியவரின் பெயரும் அதில் இருத்தல் வேண்டும்.